இரும்பு விலைக்கு ஒரு பியானோ

சென்ற ஆண்டு வைகாசியில் ஒரு நள்ளிரவு தொலைபேசி மணி அடித்தது. ரொறன்ரோவில் அப்போது பிற்பகல். நள்ளிரவில் அழைப்பவர்கள் மரணச் செய்தி சொல்வார்கள், அல்லது காணிப் பிரச்சினை சொல்வார்கள். இது இரண்டும் இல்லை.

"மாமா, மல்லாவியில அம்மாவின்ர பியானோவை ஒருக்காப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கோ. அது என்ன கொம்பனி, எத்தனை வருசம் பழசு, என்ன விலை போகும்?"

மூன்று கேள்விகள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்து, பேட்டி கொடுப்பவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இந்த மூன்றில் எது உண்மையான கேள்வி, எவை அதற்குக் கட்டிய முன்விறாந்தை என்று எனக்குத் தெரியாதா? தம்பி தன் கைத்தொலைபேசிக்கு வந்த படங்களையும் அனுப்பிவைத்தார். உள்ளே 'ஷ்வாண்டர்' என்று ஒரு பெயர் பொறித்திருக்கிறது. ஆகவே அது விலையுயர்ந்த ஜேர்மன் பியானோ. கட்டைகள் யானைத் தந்தம். இலண்டனுக்கு அனுப்பினால் பல இலட்சம் வரும். இப்படி ஒரு கணக்கை அவர் முன்கூட்டியே போட்டு முடித்திருந்தார். என்னிடம் எதிர்பார்த்தது ஒரு கையெழுத்து மட்டுந்தான்.

எனக்கு ஏன் இந்த வேலை வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் உப ஆசிரியனாக இருந்தபோது, நான் வாடகைக்கு இருந்த அறையின் கீழே ஒரு முதியவர் பியானோ திருத்தும் பட்டறை வைத்திருந்தார். இரவு வேலை முடிந்து பகலில் தூங்க முயலும் மனிதனுக்கு அதைவிடக் கொடிய அயல் கிடையாது! ஒரே கட்டையை நூறு தடவை தட்டுவார். தூங்க முடியாமல் கீழே இறங்கிப் போய் உட்கார்ந்து, கடைசியில் அவரைப் பற்றி ஞாயிறு மலரில் ஒரு கட்டுரை எழுதினேன். பியானோவைத் திறக்காமல் அதைப் பற்றிப் பேசுகிறவன் பொய்யன் என்பார் அவர். 1983 ஆடியில் அந்தப் பட்டறையும் இல்லாமற் போயிற்று. அவர் சொல்லித் தந்தவை மட்டும் என்னிடம் மிஞ்சியிருக்கின்றன.

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே போய், மாங்குளம் சந்தியில் மேற்கே திரும்பினால் மல்லாவி. கச்சான் காற்று தொடங்கிவிட்டிருந்தது. ரீச்சர் வாசலில் நின்றார். எழுபத்தைந்து வயதிருக்கும். "பியானோ பார்க்க வந்தனீங்களோ, என்னைப் பார்க்க வந்தனீங்களோ தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது.

பியானோ பின் விறாந்தையில் சுவரோடு நின்றது. 'அப்றைற்' என்று சொல்லப்படும் நிமிர்ந்த வகை. மேல் முகப்புப் பலகை இல்லை. பெயர் எழுதியிருந்த பலகை இல்லை. பித்தளைச் சாமான் ஒன்றுகூட இல்லை. கம்பிகளும் சுத்தியல்களும் விலா எலும்புபோல் வெளியே தெரிந்தன. ஒரு பக்கத்துக் கால் கறையான் தின்று, செங்கல் ஒன்றில் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது.

பெயர்ப் பலகை இல்லாத பியானோவுக்கு யார் தகப்பன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். பெயர்ப் பலகை இருந்திருந்தாலும் அதை அப்படியே நம்பிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில், குறிப்பாகக் கம்டன் ரவுண் பகுதியில், சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான பியானோப் பட்டறைகள் இருந்தன. பெயரில்லாத பெட்டியாகச் செய்து கொடுப்பார்கள். விற்கும் கடைக்காரன் தன் பெயரைப் பொன்னெழுத்தில் பதித்துக்கொள்வான். இன்னும் சிலர் பெர்லின் பெயர்போல் ஒலிக்கும் ஏதாவது ஒன்றைச் சூட்டிவிடுவார்கள். ஜேர்மன் பியானோவுக்கு அவ்வளவு மதிப்பு. பெர்லினில் பெக்ஸ்ரைன், லைப்சிக்கில் புளூத்னர், நியூயோர்க்கில் ஸ்ரைன்வே என்ற மூன்று பெரும் பெயர்களும் 1853 என்ற ஒரே ஆண்டில் தொடங்கியவை. அந்தப் புகழின் நிழலில் எத்தனையோ போலிப் பெயர்கள் குளிர்காய்ந்தன.

சரி, தம்பி கண்டுபிடித்த 'ஷ்வாண்டர்'? அது பாரிஸில் பியானோவின் உள்ளே இருக்கும் பொறியமைப்பை மட்டும் செய்து, பல நாட்டுப் பியானோக்காரருக்கு விற்ற தொழிற்சாலையின் பெயர். கட்டையை அழுத்தினால் சுத்தியல் பாய்வதும் திரும்புவதும் அதனாலேதான். உழவு இயந்திரத்தின் சில்லில் எழுதியிருக்கும் டயர்க் கொம்பனியின் பெயரை வாசித்துவிட்டு, அந்தக் கொம்பனிதான் உழவு இயந்திரத்தைச் செய்தது என்று சொல்வது எப்படியோ, அப்படித்தான் இது. இந்தத் தவறை மெத்தப் படித்தவர்களும் செய்கிறார்கள்.

அடுத்தது இலக்கம். கம்பிகளை இழுத்துக் கட்டும் முறுக்காணிகள் பதிந்த தடித்த பலகையின் மேல் விளிம்பில் நான்கு இலக்கங்கள் குத்தப்பட்டிருந்தன. முதல் கட்டையின் மரப் பக்கத்திலும் அதே இலக்கம். தொடர் இலக்கம் என்பது மந்திரமல்ல. தயாரிப்பாளரின் பெயர் தெரிந்தால்தான் அது ஆண்டாக மாறும். ஸ்ரைன்வேக்காரர் தங்கள் முதலாவது பியானோவுக்கு 483 என்று இலக்கமிட்டார்கள். 1903 இல் அவர்களது 1,00,000 ஆவது பியானோ அமெரிக்க வெள்ளை மாளிகைக்குப் போயிற்று. பெயர் தெரிந்தால் இப்படி நூல் பிடித்துப் போகலாம். பெயர் இல்லாத நான்கு இலக்கம், ஊர் தெரியாத வீட்டு இலக்கத்துக்குச் சமம்.

ஆகவே உடம்பைப் பார்த்துத்தான் வயது சொல்ல வேண்டியிருந்தது. கட்டைகளை எண்ணினேன்: 85. இன்றைய பியானோவில் 88 இருக்கும். பழைய இங்கிலாந்துப் பியானோக்களில் 85 சாதாரணம். கம்பிகள் ஒன்றின் குறுக்கே ஒன்று கடக்காமல் நேராகக் கீழே இறங்கின. ஒலியை அடக்கும் கட்டைகள் சுத்தியல்களுக்கு மேலே இருந்தன. அவற்றை இயக்கும் மெல்லிய கம்பிகள் முன்னால் வரிசையாக நிற்பதால் இந்த வகையைக் 'கிளிக்கூடு' என்பார் எங்கள் கொழும்பு முதியவர். திருத்துகிறவனின் தாலியை அறுக்கும் அமைப்பு என்றும் சொல்வார். பெட்டியின் மூலைகளில் பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகாணி இறுக்கியிருந்தார்கள். வெப்ப நாடுகளுக்கென்றே செய்து அனுப்பியதற்கு அது அடையாளம். கப்பலிலும் மாரியிலும் பசை விட்டுவிடும் என்று கண்டுகொண்ட பிறகு வந்த ஏற்பாடு. முகப்பில் பித்தளை மெழுகுதிரித் தாங்கி இரண்டு இருந்ததாகவும், சிறுமியாக இருந்தபோது அவற்றைப் புளி போட்டுத் தேய்த்ததாகவும் ரீச்சர் சொன்னார். வீடுகளுக்கு மின்விளக்கு வரவர அந்தத் தாங்கிகள் வழக்கொழிந்தன.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து நான் சொன்னது இது: இலண்டனில் சிறிய பட்டறை ஒன்றில், 1885க்கும் முதலாம் உலகப் போருக்கும் இடையில் செய்யப்பட்ட, நடுத்தரத்திலும் கொஞ்சம் கீழான பியானோ. செய்தவன் பெயர் தெரியாது. இதற்கு மேல் சொல்பவன் கதை விடுகிறான்.

விலை? இதைத் தட்டச்சு செய்யும்போதும் ரொறன்ரோத் தம்பியின் முகம் எனக்குத் தெரிகிறது. விலை ஒன்றுமில்லை! இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் இந்த வகைப் பழைய பியானோக்களை 'வந்து எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்கும் ஆள் வராமல், கூலி கொடுத்துக் குப்பைக்கு அனுப்புகிறார்கள். வயலின் பழசானால் விலை ஏறும். பியானோ பழசானால் இறங்கும். காரணம் எளிது. அதன் உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் எந்நேரமும் தொன் கணக்கான விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. நூறு ஆண்டு இழுத்த பின், முறுக்காணியைப் பிடித்திருக்கும் பலகை தளர்ந்துவிடும், ஒலிப்பலகை வெடித்துவிடும். வன்னியின் கச்சானும் மாரியும் மாறி மாறி அடித்தால் கேட்கவே வேண்டாம். மல்லாவிப் பியானோவைத் திருத்தும் காசில் நல்ல நிலையிலுள்ள வேறொன்றை வாங்கலாம்.

தந்தக் கதையையும் முடித்துவிடுகிறேன். கட்டைகளின் மேல் ஒட்டியிருப்பது தந்தந்தான். ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலும் அகலமான முன்பகுதியும் ஒடுங்கிய பின்பகுதியும் தனித்தனித் துண்டாக ஒட்டப்பட்டு, நடுவே மயிரிழைபோல் ஒரு கோடு தெரியும். உற்றுப் பார்த்தால் மர ரேகைபோல் மெல்லிய வரிகள் ஓடும். செலுலோயிட் தகட்டில் இவை இரா. ஆனால் அது சீவிய தகடு, தடிப்புக் குறைந்தது. அதைப் பிடுங்கி விற்றால் சோற்றுக்கும் வராது, சட்டமும் விடாது. பிரித்தானியாவின் 2018 ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஆனியில் நடைமுறைக்கு வந்தது. 1975க்கு முன் செய்யப்பட்டு, தந்தம் 20 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள இசைக்கருவிகளை மாத்திரம், அதுவும் பதிவு செய்த பிறகே, விற்கலாம். எல்லை கடத்துவதற்கு வேறாக அனுமதி வேண்டும். இலண்டன் கனவு அத்தோடு சரி.

தந்தம் வன்னி யானையினதாக இருக்குமோ என்று ரீச்சரின் அயலவர் ஒருவர் ஆசையோடு கேட்டார். வன்னியரசர்கள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளையே திறையாகக் கட்டினார்கள் என்பது வரலாறு. ஆனால் இலங்கையின் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் கிடையாது. பியானோக் கட்டைத் தந்தம் பெரும்பாலும் ஆபிரிக்காவிலிருந்து, சன்சிபார் வழியாகப் போனது; அதைக் கரைக்குச் சுமந்து வந்த தோள்களில் அடிமைகளின் தோள்களும் இருந்தன. கறுப்புக் கட்டைகளின் கதை வேறு. அவற்றுக்கு நல்ல பட்டறைகள் கருங்காலியைப் பயன்படுத்தின. கருங்காலிக்கு ஐரோப்பாவில் பெயர்பெற்ற நாடு இலங்கை. அந்த மரம் வளர்வது உலர்வலயக் காடுகளில். முதிரையும் பாலையும் நிற்கும் இதே காடுகளில். இந்தப் பியானோவின் கறுப்புக் கட்டைகள் கருங்காலிதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மலிவுப் பட்டறைகள் வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசின. ஆனால், 'வெள்ளைக்காரன் பெட்டி' என்று காலால் தட்டுகிறவர்கள் அந்தக் கறுப்புக் கட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இனி இந்தப் பியானோ மல்லாவிக்கு வந்த கதை. ரீச்சரின் தகப்பனார் புகையிரத நிலைய அதிபர். ஐம்பதுகளின் நடுப்பகுதியில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் வீடு வாசலை ஏலம் போட்டுவிட்டுக் கப்பலேறிய காலத்தில், கொழும்பில் ஓர் ஏலத்தில் எடுத்தார். என்ன விலைக்கு என்று மனைவிக்குக் கடைசிவரை சொல்லவில்லையாம். சரக்குப் பெட்டியில் கிளிநொச்சி நிலையத்தில் வந்திறங்கிய நாள், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மாட்டு வண்டியின் பின்னால் ஓடினார்கள். ரீச்சர் அதிலே தேவாலயப் பாடல்களும் படித்தார். பின்னர் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டும் படிப்பித்தார். "கமகம் வராது. அதுக்கு என்ன செய்யிறது, குரல் வராத பிள்ளையையும் வகுப்பிலை வைச்சிருக்கிறம்தானே" என்றார்.

1996 ஆடியில் கிளிநொச்சியை நோக்கி இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது, கிடைத்தது ஒரேயோர் உழவு இயந்திரப் பெட்டி. அதிலே நெல் மூட்டைகளை ஏற்றிக் கட்டியாயிற்று. தகப்பனார் வந்து பார்த்தார். எட்டு மூட்டையை இறக்கச் சொன்னார். தாயார் நிலத்தில் இருந்து தலையிலடித்துக் குழறினார். 'பிள்ளைகள் பசி கிடக்க, இந்தச் சவப்பெட்டியையோ கொண்டுபோகப் போறியள்?' என்று கேட்டாராம். எட்டு மூட்டை இறங்கியது, பியானோ ஏறியது. மல்லாவியில் அந்த மாரி முழுவதும் வீட்டில் ஒருநேரச் சாப்பாடு. தாயார் அதற்குப் பிறகு அந்தப் பியானோவின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள், யாருமில்லை என்று நினைத்து அதன் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்ததை ரீச்சர் கண்டிருக்கிறார்.

2008 இல் மல்லாவியும் போயிற்று. இந்த முறை பியானோவை ஏற்ற யாரும் நினைக்கவில்லை. தகப்பனாரும் உயிரோடு இல்லை. கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு அந்தக் கடற்கரை, பிறகு செட்டிக்குளம் முகாம். வாசகர்களுக்கு அந்தப் பாதையை நான் விவரிக்கத் தேவையில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரைத் தகடு இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை, கிணற்றுக் கப்பி இல்லை. பியானோ நின்றது. பித்தளையைக் கழற்றியிருந்தார்கள், பலகையைக் கழற்றியிருந்தார்கள். 200 கிலோ எடையை மட்டும் யாராலும் தூக்க முடியவில்லை. யார் கழற்றினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது. ரீச்சரும் கண்ணால் காணவில்லை.

இப்போது விடயத்திற்கு வருகிறேன். போன ஆண்டு ஒரு பழைய இரும்பு வியாபாரி லொறியோடு வந்து, அதைச் சுற்றிப் பார்த்து, உள்ளேயிருக்கும் இரும்புச் சட்டகத்தையும், தடித்த கம்பிகளில் சுற்றியிருக்கும் செம்பையும் கண்ணால் நிறுத்து, 15,000 ரூபா தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் செய்தி கேட்டுத்தான் ரொறன்ரோவிலிருந்து நள்ளிரவு அழைப்பு. மகனுக்குக் கோபம். விலை காணாது என்று கோபம்!

வியாபாரியை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு இரும்பு தெரியும். இரும்பு விலை சொன்னார். சொல்லப்போனால், இந்தக் கதையில் நேர்மையாக மதிப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். மற்றவர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம். எங்கள் நாட்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940 இல் வந்தது. தொல்பொருள் என்றால் என்ன? 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது. அதென்ன திகதி? கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். கண்டிக்கு அது யுகமுடிவாக இருக்கலாம். வன்னிக்கு? பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும், கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றதும் 1803 இல். கண்டியின் நாட்காட்டியால் வன்னியின் வயதை அளக்கிறார்கள். அதுவும் போகட்டும். வீட்டுச் சுவரோரம் நிற்கும் சிறிய நிமிர்ந்த பியானோவை இலண்டனில் வோர்ணம் செய்தது 1811 இல். ஆகவே இந்த நாட்டில் அத்தகைய பியானோ ஒன்று தொல்பொருளாக வேண்டுமானால், அந்த நான்கு ஆண்டுக்குள் பிறந்திருக்க வேண்டும்!

சிரித்துவிட்டுப் போகும் விடயமல்ல இது. இன்றைய வன்னியை ஆக்கியவை எவை? 1902 இல் வேலை தொடங்கிய இரணைமடு, 1905 இல் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய புகையிரதம், முப்பதுகளிலிருந்து வந்த குடியேற்றத் திட்டங்கள், பள்ளிக்கூடங்கள். எல்லாம் அந்தத் திகதிக்கு இந்தப் பக்கத்தில் நிற்பவை. கட்டடமென்றால் தனி அறிவித்தல் போட்டுப் பாதுகாக்க வழியுண்டு. குடியேற்றக்காரரின் மண்வெட்டி, நிலைய அதிபரின் மணிக்கூடு, ரீச்சரின் பியானோ இவற்றுக்கு என்ன வழி? 1988 இன் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் நாட்டைவிட்டு வெளியே போவதைக் கட்டுப்படுத்துவதற்கானது. வீட்டு விறாந்தையிலிருந்து உலைக்குப் போவதை அது தடுக்காது.

அடுத்தது இழப்பீட்டுப் படிவங்கள். ரீச்சர் பல தடவை நிரப்பியிருக்கிறார். எந்த அலுவலகத்தினது என்பது இங்கே தேவையில்லை. வீடு, வாகனம், நகை, கால்நடை. 'வேறு' என்று ஓர் ஒடுங்கிய கட்டம். அதிலே 'பியானோ' என்று எழுதினாராம். பற்றுச்சீட்டு கேட்டார்கள். ஐம்பதுகளில் நடந்த ஏலத்தின் பற்றுச்சீட்டு! மனைவிக்கே விலை சொல்லாத மனிதர் பற்றுச்சீட்டை வைத்திருப்பாரா? பியானோ அழியாமல் நிற்கிறதுதானே, பிறகு எப்படி இழப்பு என்றும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ரீச்சரிடம் விடை இருக்கவில்லை. என்னிடமும் இல்லை.

பிறகு எங்கள் பண்பாட்டுக் காவலர்கள். மல்லாவியிலிருந்து திரும்பும் வழியில் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். 'பியானோ எங்கடையோ? விடுங்கோ, இரும்புக்குப் போகட்டும். உடுக்கும் பறையும் அழியிறதைப் பற்றி எழுதுங்கோ' என்றார். உடுக்கையும் பறையையும் பற்றி நான் எழுதியே இருக்கிறேன். ஆனால், எது எங்களுடையது? கர்நாடக இசையில் வயலினைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையாகச் சொல்லப்படும் பாலுசுவாமி தீட்சிதர் 1786 இல் பிறந்தவர். அதற்கு முந்திய எங்கள் இசையில் வயலின் ஏது? ஆர்மோனியத்துக்குப் பாரிஸில் டெபேன் காப்புரிமை எடுத்தது 1842 இல். அதே ஆர்மோனியத்தை இந்திய வானொலி 1940 இலிருந்து முப்பது ஆண்டுகள் தள்ளி வைத்தது, இந்தியத் தன்மை இல்லை என்று. அந்த ஆர்மோனியம் இல்லாமல் எங்கள் இசை நாடக மேடையில் வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' உண்டா? பிறந்த ஊரை வைத்துக் கருவியை ஒதுக்கினால், எங்கள் மேடைகளில் மிஞ்சுவது குறைவு. எட்டு மூட்டை நெல்லுக்குப் பதிலாக ஏறி வந்த ஒரு பொருள் வன்னியுடையது இல்லையென்றால், வேறு எது வன்னியுடையது?

போர்களும் பியானோக்களும் பற்றி உலகத்தில் இரண்டு கதைகள் உண்டு. இலண்டன் விக்மோர் வீதியில் பெக்ஸ்ரைன் கொம்பனி 1901 இல் ஓர் இசை மண்டபம் திறந்தது. முதலாம் உலகப் போரில் அது எதிரி நாட்டுச் சொத்தாயிற்று. 1916 இல், மண்டபமும் அங்கிருந்த பியானோக்களும் சேர்த்து 56,500 பவுணுக்கு ஏலம் போயின. பெயரை மாற்றினார்கள். இன்றைக்கும் உலகின் மிகச் சிறந்த சங்கீத மண்டபங்களுள் ஒன்றாக அது 'விக்மோர் ஹோல்' என்று வழங்குகிறது. எத்தனை பியானோ, என்ன விலை என்பதெல்லாம் ஏட்டில் இருப்பதால் நூறு ஆண்டு கழித்து நான் இதை எழுத முடிகிறது.

மற்றையது பாரிஸ். இரண்டாம் உலகப் போரில் நாசிகள் யூதர்களின் வீடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான பியானோக்களைத் தூக்கிச் சென்றார்கள். அதற்கென்றே இசைக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். புகழ்பெற்ற இசைக்கலைஞர் வாண்டா லண்டோவ்ஸ்காவின் கருவிகளையும் நூல்களையும் 1940 இல் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனார்கள். போர் முடிந்தபின், மீட்ட பியானோக்களை உரியவர்கள் வந்து அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. தயாரித்தவன் பெயர், இலக்கம், எங்கே ஒரு கீறல், எந்தக் கட்டை மஞ்சள். சொல்ல முடிந்தவருக்குக் கிடைத்தது. சொல்ல வேண்டியவர் முகாமிலே சாம்பலாகியிருந்தால் அது கேட்பாரற்றுக் கிடந்தது.

ரொறன்ரோத் தம்பியிடமும், அவரைப்போன்ற என் வாசகர்களிடமும் நான் கேட்பது இதைத்தான். உங்கள் வீட்டிலிருந்த தையல் இயந்திரத்தின் இலக்கம் தெரியுமா? அதன் அடித்தட்டில் ஓர் இலக்கம் குத்தியிருக்கும். சிங்கர் என்றால் அந்த இலக்கத்திலிருந்தே ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். அப்பாவின் வானொலிப் பெட்டி எந்தக் கொம்பனி? கோவிலுக்கு ஆர்மோனியம் வாங்கித் தந்தவர் யார்? இழந்தவற்றைப் பற்றி ஆண்டுதோறும் வைகாசியில் கூட்டம் வைக்கிறோம், உரை நிகழ்த்துகிறோம். 'அனைத்தையும் இழந்தோம்' என்ற ஒரே வாக்கியத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பூட்டிவிடுகிறோம். 'அனைத்தும்' என்று எழுதிய படிவத்தை எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார். எந்தப் பேரப்பிள்ளையும் நம்பமாட்டாது. மிஞ்சி நிற்கும் ஒன்றிரண்டையாவது திறந்து பாருங்கள், எண்ணுங்கள், படம் எடுங்கள், வீட்டில் வயதானவர் இருக்கும்போதே பக்கத்தில் இருந்து எழுதுங்கள். அதற்குப் பிறகு விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். நான் பியானோப் பூசாரி அல்ல. வயிற்றுக்கு இல்லாதவளிடம் வரலாற்றைக் காப்பாற்று என்று சொல்லும் கொழுப்பு எனக்கு இல்லை. ஆனால் கனடாவிலே இரண்டு வாகனம் வைத்திருப்பவர், தாயின் வீட்டுப் பொருளைப் பற்றிக் கேட்கும் ஒரே கேள்வி 'என்ன விலை போகும்' என்பதாக இருந்தால், அந்தக் கேள்விக்கு இரும்புக்காரர் சொன்ன விடை சரியான விடைதான்.

இதை அன்றிரவே தொலைபேசியில் அவரிடம் இதே சொற்களில் சொன்னேன். சிறிது நேரம் சத்தம் இல்லை. பிறகு, "எட்டு மூட்டைக் கதை எனக்குத் தெரியாது மாமா. அம்மா ஒருநாளும் சொல்லேல்லை" என்றார். நீங்கள் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. வயதுக்கு ஏற்ற அளவு எனக்கும் இரக்கம் உண்டு.

புறப்படுமுன் ரீச்சர் ஒரு பள்ளிக் கொப்பியைக் கொண்டுவந்து, நான் கண்டவற்றைச் சொல்லச் சொல்லித் தன் கையாலேயே எழுதினார். நல்ல கையெழுத்து. செய்தவர்: தெரியாது. செய்த இடம்: இலண்டன். காலம்: 1885 முதல் 1914 வரை. கட்டைகள்: 85, சத்தம் வருபவை 31. இலக்கத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒருமுறை சரிபார்த்தார். 'விலை' என்று எழுதிவிட்டுச் சற்று நிறுத்தினார். அதன் எதிரே, 'நெல் 8 மூட்டை, 1996 ஆடி' என்று எழுதி, கொப்பியை மூடிப் பியானோவின் மேல் வைத்தார்.

இரும்பு வியாபாரி இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போகிறாராம். ரீச்சர் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புகிறார்.